அலாஸ்காக் கரையில் ரோந்து சென்ற அதிகாரிகளின் சொந்தத் தாள்களை எவ்வளவு நம்பலாம்?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அலாஸ்காவில் பணியாற்றிய அமெரிக்க ரெவின்யூ கட்டர் (சுங்கக் காவல் கப்பல்) அதிகாரிகளின் நாட்குறிப்புகளும் கடிதங்களும் எங்கே கிடைக்கும், அச்சான அரசு அறிக்கைகளைவிட அவை உண்மைக்கு நெருக்கமானவையா என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் பாதிக்குப் பதில் சொல்வது எளிது. இரண்டாவது பாதிதான் உங்கள் உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். மேலதிகாரிக்கு எழுதும்போது மறைப்பதை மனைவிக்கு எழுதும்போது ஒருவர் மறைக்கமாட்டார் என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது. கையெழுத்து ஆவணங்களைப் பிரித்து, அடுக்கி, விவரப்பட்டியல் தயாரிக்கும் வேலையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன் நான். இந்த எண்ணம் எனக்கும் இருந்தது. இந்தக் குறிப்பிட்ட படையினரின் தாள்களைப் படித்த பிறகு அதைக் கைவிட்டேன்.

இந்தப் படையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1790-இல் சுங்க வரி ஏய்ப்பைத் தடுக்க நிதித் துறையின் கீழ் தொடங்கப்பட்ட சிறு கப்பற்படை இது. 1915-இல் உயிர்காப்புப் பணியகத்துடன் இணைந்து இன்றைய அமெரிக்கக் கடலோரக் காவல் படை ஆயிற்று. 1867-இல் ரஷ்யாவிடமிருந்து 72 லட்சம் டாலருக்கு அலாஸ்கா வாங்கப்பட்டபோது, அவ்வளவு நீண்ட கரையில் அரசாங்கம் என்று சொல்லிக்கொள்ள அங்கே அநேகமாக ஒன்றுமே இல்லை. ஆண்டுதோறும் வசந்தத்தில் கிளம்பி, உனலாஸ்காவில் நிலக்கரி ஏற்றி, பெரிங் நீரிணையைக் கடந்து, கோடை முடிவதற்குள் பாரோ முனைவரை போய்த் திரும்பும் ஒன்றிரண்டு கட்டர் கப்பல்களே அங்கு நீதிமன்றமாகவும் மருத்துவமனையாகவும் தபால் நிலையமாகவும் இருந்தன. சாராயக் கடத்தலைப் பிடிப்பது, உரோமத்துக்காகச் சீல் என்ற கடல் விலங்கை வேட்டையாடுவதைக் கண்காணிப்பது, பனியில் சிக்கிய திமிங்கில வேட்டைக்காரர்களை மீட்பது, மிஷன் ஆசிரியர்களை இறக்கிவிடுவது என எல்லா வேலையும் அவற்றின் தலையில் விழுந்தது. இத்தனை வேலைக்கும் கணக்குக் காட்ட வேண்டியிருந்ததால் அதிகாரிகள் ஓயாமல் எழுதினார்கள்.

அவர்கள் எழுதியது மூன்று அடுக்காக இருக்கிறது. முதலாவது லாக்புக். காவல் முறையில் இருக்கும் அதிகாரி காற்று, கடல், வெப்பநிலை, பனிக்கட்டி, கப்பலின் திசை, வந்து போனவர்கள், தண்டனைகள் ஆகியவற்றை அந்தந்த நேரத்தில் எழுதிக் கையொப்பமிடும் பதிவேடு அது. இரண்டாவது, பயணம் முடிந்தபின் கேப்டன் வாஷிங்டனுக்கு அனுப்பும் அறிக்கையும் இடையிடையே அனுப்பிய அலுவல் கடிதங்களும். மூன்றாவதுதான் நீங்கள் தேடும் சொந்தத் தாள்கள். முதல் இரண்டும் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் 26-ஆம் ஆவணத் தொகுதியில் இருக்கின்றன. 1867 முதல் 1914 வரையிலான அலாஸ்காக் கடிதப் போக்குவரத்து எம்641 என்ற எண்ணில் மைக்ரோஃபிலிம் சுருள்களாகக் கிடைக்கிறது. லாக்புக்குகளில் பல பக்கம் பக்கமாகப் படமெடுக்கப்பட்டு, பழைய வானிலைத் தகவலைத் திரட்டும் ஓல்டு வெதர் என்ற திட்டத்தில் தன்னார்வலர்களால் எழுத்துப்பெயர்க்கப்பட்டிருக்கின்றன. ஆர்க்டிக் பனியின் வரலாற்றைத் தேடும் வானிலை அறிஞர்களின் தேவையால் நமக்குக் கிடைத்த லாபம் இது.

சொந்தத் தாள்களுக்கு இப்படி ஒரே இருப்பிடம் கிடையாது. அதிகாரி ஓய்வுபெற்றதும் அவை அவருடைய டிரங்குப் பெட்டியோடு வீட்டுக்குப் போயின. எந்த ஊரில் அவருடைய வாரிசுகள் குடியிருந்தார்களோ, அந்த ஊர் நூலகத்துக்கோ பல்கலைக்கழகத்துக்கோ கொடுத்தார்கள், அல்லது கொடுக்காமல் விட்டார்கள். அலாஸ்காவின் வரலாற்றுக்கான தாள் கலிபோர்னியாவிலோ நியூ இங்கிலாந்திலோ கிடப்பதற்கு இதுவே காரணம். பேர் (Bear) என்ற புகழ்பெற்ற கட்டரின் கேப்டன் மைக்கேல் ஹீலியின் குடும்பத்தார் எழுதிய நாட்குறிப்புகள் தெற்குக் கலிபோர்னியாவில் ஹன்டிங்டன் நூலகத்தில் இருப்பது இதற்கு நல்ல உதாரணம். தேசிய ஆவணக் காப்பகத்தின் ஆங்கரேஜ் கிளையும் 2014-இல் மூடப்பட்டு அதன் தாள்கள் சியாட்டிலுக்குப் போய்விட்டன. ஆகவே விமானச் சீட்டு வாங்குவதற்கு முன்னால் இன்று எது எங்கே இருக்கிறது என்று கடிதம் எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள். ஃபேர்பேங்க்ஸில் உள்ள அலாஸ்கா பல்கலைக்கழகத்தின் ராஸ்முசன் நூலகமும், ஜூனோவில் உள்ள மாநில நூலகமும் கேட்பதற்கு நல்ல இடங்கள்.

இனி நம்பகத்தன்மை. ஹீலியிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் இந்தப் படையில் அவரளவுக்கு எழுதப்பட்டவரும் தவறாகப் படிக்கப்பட்டவரும் வேறு இல்லை. 1839-இல் ஜார்ஜியா மாநிலத்தில், அயர்லாந்திலிருந்து வந்த தோட்ட முதலாளிக்கும் அவருடைய அடிமையாக இருந்த கலப்பினப் பெண்ணுக்கும் பிறந்தவர். அண்ணன்மாரில் ஒருவர் போர்ட்லாண்டின் கத்தோலிக்க ஆயர், இன்னொருவர் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் தலைவர். மைக்கேல் 1865-இல் கட்டர் படையில் நியமனம் பெற்று, 1886 முதல் 1895 வரை பேர் கப்பலுக்குத் தலைமை தாங்கினார். பணியில் அவர் வெள்ளையராகவே கருதப்பட்டார். அவருடைய தாயின் நிலை பொதுவில் பேசப்பட்டது இருபதாம் நூற்றாண்டின் நடுவில்தான். இன்று கடலோரக் காவல் படையின் பெரிய பனியுடைப்புக் கப்பல் ஒன்றுக்கு அவர் பெயர் இருக்கிறது. அதனாலேயே, அவருடைய எழுத்தில் ஒவ்வொரு வரியிலும் பிறப்பைப் பற்றிய ஒரு மறைகுறிப்பைத் தேடும் வழக்கம் வந்துவிட்டது. அவர் எங்கே மௌனமாக இருக்கிறார் என்று சொல்ல முடியும். அந்த மௌனத்துக்குக் காரணம் இதுதான் என்பது ஊகம், அதை ஊகம் என்றே எழுத வேண்டும்.

ஹீலி இரண்டு முறை விசாரணைக்கு உள்ளானார். 1889-இல் எஸ்ட்ரெல்லா என்ற திமிங்கில வேட்டைக் கப்பலின் மாலுமிகளைக் கைகளைப் பின்னால் கட்டித் தூக்கி நிறுத்திய தண்டனைக்காகவும் குடிபோதைக்காகவும் 1890-இல் குற்றம் சாட்டப்பட்டு விடுவிக்கப்பட்டார். 1896-இல் குற்றம் உறுதியாகி, நான்கு ஆண்டுகள் பணியிலிருந்து விலக்கி வைக்கப்பட்டு, கேப்டன்கள் வரிசையில் கடைசிக்குத் தள்ளப்பட்டார். இரண்டாவது வழக்கில் அவருக்கு எதிராக நின்றவர்களில் அவர் கப்பலின் இளைய அதிகாரிகளே இருந்தார்கள். நீங்கள் தேடும் சொந்தத் தாள்களுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. 1890-களில் பேர் கப்பலிலிருந்து ஓர் இளைய அதிகாரி வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் கேப்டனைப் பற்றிய கடுஞ்சொல் இருந்தால், அதை எழுதியவர் பிறகு எந்தப் பக்கம் சாட்சி சொன்னார் என்று பார்க்காமல் அந்தச் சொல்லை மேற்கோள் காட்டக் கூடாது. அதேபோல, கணவனோடு அதே கப்பலில் பயணம் செய்த மனைவி மேரி ஜேனின் நாட்குறிப்பு கேபினுக்குள் நடந்ததற்கு மிக அருகில் இருந்த சாட்சி, ஆனால் பாரபட்சமற்ற சாட்சி அல்ல. அருகாமை ஒன்று, நடுநிலை வேறொன்று. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் சொந்தத் தாள்களைப் படிப்பவர்கள் செய்யும் முதல் தவறு.

இரண்டாவது தவறு, அச்சேறாத தாளில் அச்சேறியதைவிட நல்ல கண் இருக்கும் என்று எதிர்பார்ப்பது. பெரிங் கடலில் உள்ள செயின்ட் லாரன்ஸ் தீவின் பஞ்சம் இதற்குப் பாடமாக இருக்கிறது. 1878 முதல் 1880 வரையிலான குளிர்காலங்களில் அத்தீவின் மக்களில் பெரும்பகுதியினர் பட்டினியிலும் நோயிலும் இறந்தார்கள். 1880-இல் கார்வின் கட்டரோடு அங்கே வந்த கேப்டன் கால்வின் ஹூப்பர், மக்கள் குடித்துவிட்டுக் கிடந்து வேட்டைக் காலத்தைத் தவறவிட்டார்கள் என்று அறிக்கையில் எழுதினார். மறு ஆண்டு அதே கப்பலில் இயற்கையாளர் ஜான் மியூர் வந்தார், எட்வர்டு நெல்சன் என்ற இயற்கையாளரும் வந்து மண்டையோடுகளைச் சேகரித்துப் போனார். மியூர் அதிகாரி அல்ல, அவருக்கு வாஷிங்டனுக்கு அஞ்ச வேண்டிய அவசியமும் இல்லை. ஆனாலும் தம் குறிப்பில் ஹூப்பர் சொன்ன காரணத்தையே ஏறக்குறைய ஒப்பிக்கிறார். இருவரும் ஒரே மேசையில் உணவருந்தியவர்கள், ஒரே வணிகர்களிடம் கேட்டவர்கள். அச்சில் ஒன்று, நாட்குறிப்பில் ஒன்று என்று இரண்டு சாட்சிகள் இருப்பதாகத் தோன்றுகிறது, உண்மையில் இருப்பது ஒன்றே. பிற்கால ஆய்வாளர்கள், திமிங்கில வேட்டைக் கப்பல்கள் தீவினரின் உணவான வால்ரஸ் என்ற கடல் விலங்கின் கூட்டங்களை அழித்ததையும், அந்த ஆண்டுகளின் மோசமான பனியையும் காற்றையும், தொற்றுநோயையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். இவற்றில் எதற்கு எவ்வளவு பங்கு என்பதில் இன்னும் கருத்து ஒற்றுமை இல்லை. தீவின் யூப்பிக் மக்களோ, உயிரோடிருந்த வால்ரஸின் தசையை அறுத்த கொடுமைக்குக் கிடைத்த தண்டனையாக அதை நினைவில் வைத்திருக்கும் கதை ஒன்றைச் சொல்கிறார்கள். அந்தக் கதையில் வணிகனின் சாராயம் முதலிடத்தில் இல்லை.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மியூரின் கார்வின் குறிப்புகள் நூலாக வந்தது 1917-இல், அவர் இறந்து மூன்று ஆண்டுகள் கழித்து, செய்தித்தாளுக்கு அவர் அனுப்பிய கடிதங்களையும் நாட்குறிப்பையும் வேறொருவர் பின்னித் தொகுத்த வடிவத்தில். அச்சில் வந்த நாட்குறிப்பு எதுவானாலும், கையெழுத்துப் பிரதியைப் பார்க்கும்வரை அது தொகுத்தவரின் நூலும் கூடத்தான். நான் கண்ட பிரதிகளில் பேரக் குழந்தைகள் கத்தரியால் நறுக்கிய பக்கங்களும், மகள் நீல மையால் திருத்திய வாக்கியங்களும் உண்டு.

சொந்தத் தாள்கள் உண்மையாகவே பலன் தரும் இடம் 1897-98-இன் தரைவழி மீட்புப் பயணம். எட்டுத் திமிங்கில வேட்டைக் கப்பல்கள், 265 பேர், பாரோ முனைக்கு அருகே பனியில் அடைபட்டதாகச் செய்தி வந்தது. நவம்பர் 27-இல் பேர் கட்டர் கேப்டன் ஃபிரான்சிஸ் டட்டிலின் தலைமையில் கிளம்பியது. பனி அதற்குமேல் விடாததால், டிசம்பர் 16-இல் கேப் வான்கூவர் அருகே லெப்டினன்ட் டேவிட் ஜார்விஸ், லெப்டினன்ட் எல்ஸ்வொர்த் பெர்தால்ஃப், மருத்துவர் சாமுவேல் கால் ஆகிய மூவரும் இறங்கினார்கள். நாய் வண்டியிலும் நடந்தும் சுமார் 1,500 மைல். வழியில் ரெயின்டீர் எனப்படும் பனிமான் மந்தைகளைத் திரட்டி ஓட்டிச் சென்று, 1898 மார்ச் 29-இல் பாரோவை அடைந்தார்கள். 382 மான்கள் போய்ச் சேர்ந்தன. ஜார்விஸின் நாட்குறிப்பு வடிவிலான விவரம் 1899-இல் அரசு அறிக்கையாகவே அச்சானது. அதாவது இங்கே நாட்குறிப்பும் அரசு அறிக்கையும் ஒன்றாகிவிட்டன. அதைப் படிக்கும்போது, நாள் முடிவில் கூடாரத்தில் உறைந்த விரல்களால் எழுதிய வரி எது, பிறகு மேசையில் அமர்ந்து விரித்தெழுதிய வரி எது என்று ஒவ்வொரு பக்கத்திலும் கேட்டுக்கொண்டே படிக்க வேண்டியிருக்கிறது. தேதி, தூரம், வெப்பநிலை, மான் எண்ணிக்கை ஆகியவை முதல் வகை. குணச்சித்திரங்களும், யார் எதற்கு மனமுவந்து சம்மதித்தார்கள் என்பதும் பெரும்பாலும் இரண்டாம் வகை.

அந்தச் சம்மதம்தான் முக்கியம். மான்கள் அரசுடையவை அல்ல. ஒரு மந்தை சார்லி ஆர்ட்டிசார்லுக் என்ற இனுபியாட் பூர்வகுடி மனிதருடையது, இன்னொன்று கேப் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸில் டாம் லோப் என்ற ஆசிரியரின் பொறுப்பிலிருந்த மிஷன் மந்தை. பிறகு திருப்பித் தருவோம் என்ற வாய்ச்சொல்லை நம்பி ஆர்ட்டிசார்லுக் தம் முழு வாழ்வாதாரத்தையும் கொடுத்தார், தாமும் மந்தையோடு கிளம்பினார். அவருக்கும் அவர் மனைவி மேரிக்கும் இது எவ்வளவு கனமான முடிவு என்பதை ஜார்விஸே உணர்ந்து எழுதியிருக்கிறார், அது அவர் பெருமை. ஆனால் அந்த உரையாடல் நமக்கு ஜார்விஸின் பேனா வழியாகவே வருகிறது. லோப்பின் மனைவி எல்லன், கணவர் மந்தையோடு வடக்கே போய்விட, கைக்குழந்தைகளோடு கிராமத்தில் தங்கியபடி வீட்டாருக்கு எழுதிய கடிதங்கள் பின்னாளில் அச்சில் வந்துள்ளன. அதிகாரியின் நாட்குறிப்புக்கு அருகில் அவற்றை வைத்துப் படிப்பதைவிட நல்ல பயிற்சி இந்தத் துறையில் இல்லை என்பேன். 1902-இல் நாடாளுமன்றம் தங்கப் பதக்கம் வழங்கியது மூன்று அதிகாரிகளுக்கு மட்டுமே. ஆர்ட்டிசார்லுக் அதற்கு முன்பே, 1900-இன் கொள்ளைநோயில் இறந்துவிட்டார்.

அந்த மீட்பு தேவைப்பட்டதா என்பதிலேயே கருத்து வேறுபாடு உண்டு. பாரோவில் திமிங்கில வேட்டை நிலையம் நடத்திய சார்லஸ் ப்ரோவர், உள்ளூர் வேட்டைக்காரர்கள் கொண்டுவந்த காட்டுமான் இறைச்சியால் மாலுமிகள் ஏற்கெனவே பிழைத்துக்கொண்டிருந்தார்கள் என்ற தொனியில் தம் நினைவுக் குறிப்பில் எழுதினார். அது நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து வந்த நினைவு. தம் பங்கைக் குறைத்துச் சொல்லும் வழக்கமும் அவருக்கு இல்லை. அந்தக் குளிர்காலம் பாரோவில் இருந்த இன்னொரு சாட்சி எட்வர்டு மெக்கில்ஹென்னி. பறவைகளைச் சேகரிக்கப் போனவர். ஜார்விஸ் வந்து மாலுமிகளைச் சுத்தமான இடங்களுக்கு மாற்றி, ஒழுங்கை நிலைநாட்டியதில் யாருக்கும் சந்தேகமில்லை. மான்கள் வராவிட்டால் எத்தனை பேர் இறந்திருப்பார்கள் என்பதற்கு எந்தத் தாளிலும் விடை இல்லை, இருக்கவும் முடியாது. என் கணிப்பில், ஒழுங்கும் சுகாதாரமும் காப்பாற்றிய உயிர்கள் இறைச்சி காப்பாற்றியதைவிட அதிகம். இது கணிப்பு மட்டுமே.

துறைகளுக்கிடையிலான போட்டியும் தாள்களைக் கோணலாக்கும். 1884, 1885 ஆகிய ஆண்டுகளில் கார்வினின் லெப்டினன்ட் ஜான் கேன்ட்வெல் கோபுக் ஆற்றில் ஏறிப்போனார். அதே ஆற்றில் அதே ஆண்டுகளில் கடற்படையின் லெப்டினன்ட் ஜார்ஜ் ஸ்டோனியும் போனார். கேன்ட்வெல் அதைக் கோவாக் என்று எழுத, ஸ்டோனியோ பனிப்பாளத்தோடு கடலுக்கு அடித்துச் செல்லப்பட்டு மறைந்த சக அதிகாரியின் நினைவாகப் புட்னம் ஆறு என்று பெயரிட்டார். ஒருவரின் எழுத்தை மட்டும் படித்தால் மற்றவர் அங்கே வந்த சுவடே மங்கிவிடும். ஆற்றங்கரை மக்களுக்கு அது எப்போதும் கோபுக்தான், பெரிய ஆறு என்று பொருள். கூடுதலாக ஒரு வேடிக்கை: கார்வினின் 1885-ஆம் ஆண்டு அறிக்கை 1887-இலேயே அச்சாகிவிட, 1884-ஆம் ஆண்டு அறிக்கை 1889-இல்தான் வந்தது.

எல்லாத் தாளும் சேர்ந்து மௌனமாகும் இடங்களும் உண்டு. 1882 அக்டோபர் 26-இல் தென்கிழக்கு அலாஸ்காவில் அங்கூன் என்ற, டிலிங்கிட் பூர்வகுடி மக்களின் ஊர் பீரங்கியால் தாக்கி எரிக்கப்பட்டது. வேலையில் இறந்த ஒரு சமயப் பெரியவருக்காக அம்மக்கள் தம் வழக்கப்படி இருநூறு கம்பளிகளை ஈடாகக் கேட்டதிலிருந்து எழுந்த தகராறு அது. தலைமை கடற்படைத் தளபதி மெரிமனுடையது, ஆனால் களத்தில் ஹீலியின் கார்வினும் இருந்தது. அதிகாரிகளின் எழுத்தில் இது சுருக்கமான ஒழுங்கு நடவடிக்கையாகத் தெரிகிறது. புகையில் மூச்சடைத்து இறந்த ஆறு குழந்தைகளை நினைவில் வைத்திருந்தவர்கள் அங்கூன் மக்கள். 1973-இல் 90,000 டாலர் இழப்பீடு தரப்பட்டது. 2024-இல், அதே அக்டோபர் 26 அன்று, கடற்படை மன்னிப்புக் கேட்டது. நூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்த நினைவைச் சுமந்தது வாய்மொழி. என் வரம்பையும் இங்கே சொல்லிவிடுகிறேன்: எனக்கு டிலிங்கிட்டோ இனுபியாக்கோ தெரியாது, மொழிபெயர்ப்புகளையே நம்பியிருக்கிறேன். அம்மொழிகளில் பதிவான குரல்களை நேரடியாகக் கேட்கக்கூடியவர் என் தீர்ப்புகள் சிலவற்றைத் திருத்தக்கூடும்.

நடைமுறையாகச் சில குறிப்புகள். சொந்தக் கடிதத்தை எடுக்கும் முன் அந்த நாளின் லாக்புக் பக்கத்தைப் படியுங்கள். கப்பல் எங்கே இருந்தது, யார் காவல் முறையில் இருந்தார், அன்று யார் தண்டிக்கப்பட்டார் என்பது தெரிந்தபின் கடிதம் வேறு மாதிரி பேசும். கோடை முழுதும் தபால் போகாத கடலில், தெற்கே செல்லும் கப்பல் ஒன்று கிடைக்கும்வரை ஒரே கடிதத்தை வாரக்கணக்கில் தொடர்ந்து எழுதினார்கள். ஆகவே தலைப்பில் உள்ள தேதியை நம்பி எல்லாவற்றையும் அந்த நாளில் ஏற்றிவிடாதீர்கள். 1867-க்கு முந்தைய ரஷ்யத் தாள்களோடு ஒப்பிட்டால், அலாஸ்கா கைமாறியபோது நாட்காட்டியும் தேதிக் கோடும் சேர்ந்தே மாறின என்பதை நினைவில் வையுங்கள். பெயர்களின் எழுத்துக்கூட்டலுக்கு ஒரு தனிப் பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். ஆர்ட்டிசார்லுக் சில இடங்களில் அன்டிசார்லுக், உனலாஸ்கா பழைய தாள்களில் ஊனலாஸ்கா. கணினித் தேடலில் ஓர் எழுத்து மாறினால் ஒரு மனிதரே காணாமல் போய்விடுவார்.

உங்கள் ஆர்வம் எந்தக் கப்பல், எந்த ஆண்டு என்று சொல்லவில்லை. குறிப்பாக எதுவும் இல்லையென்றால் கார்வினின் 1884, 1885 அறிக்கைகளையும், பிறகு ஜார்விஸின் 1899 அறிக்கையையும் படித்துவிட்டு, எம்641 சுருள்களில் அதே மாதங்களுக்கான கடிதங்களைப் பாருங்கள். அச்சில் விடுபட்டவை அங்கேதான் முதலில் கண்ணில் படும். சொந்தத் தாள்களைத் தேடிப் போவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.